‘ஐ லைக் டாக்’: இதில் என்ன தப்பு?

3 ஜூன், கேள்வி

எனக்கு நாய் பிடிக்கும். அதை ஆங்கிலத்தில் ‘ஐ லைக் டாக்’ என்று எழுதினேன். படித்தவர் சிரித்துவிட்டு ‘டாக்ஸ்’ என்று திருத்தினார். ஏன் என்று கேட்டால் ‘அது அப்படித்தான்’ என்கிறார். டாக் பெயர்ச்சொல், அகராதியிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. தமிழில் ‘நாய் பிடிக்கும்’ என்கிறோம், ‘நாய்கள் பிடிக்கும்’ என்று யாரும் பேசுவதில்லை. எந்த மொழியிலும் விலங்குப் பெயர்தான் இருப்பதிலேயே சுலபமான பகுதி என்பது என் எண்ணம். இதில் என்ன சிக்கல் இருக்க முடியும்?

3 ஜூன், இரவு

சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. நாய்க்கறி பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆங்கிலத்தில் விலங்கின் பெயர் ஒருமையில், முன்னால் ஒன்றும் இல்லாமல் தனியாக நின்றால், கேட்பவர் அதை உயிருள்ள பிராணியாக எடுத்துக்கொள்ள மாட்டார். சதை என்றுதான் நினைப்பார். ‘ஐ லைக் டாக்ஸ்’ என்றால் பொதுவாக நாய் பிடிக்கும். ‘ஐ லைக் தி டாக்’ என்றால் நம் இருவருக்கும் தெரிந்த அந்த நாய் பிடிக்கும். ‘ஐ சா எ டாக்’ என்றால் ஏதோ ஒரு நாயைப் பார்த்தேன். ‘ஐ லைக் டாக்’ என்றால் அது தட்டில் இருக்கிறது.

தமிழில் இந்த வேலையை எல்லாம் சூழலும் வினையும் செய்துவிடுகின்றன. ‘நாய் குரைக்கிறது’ என்றால் ஒரு நாய். ‘நாய் நன்றியுள்ளது’ என்றால் இனம். ‘நாய் வருது, ஓடு’ என்றால் எந்த நாய் என்று கேட்டுக்கொண்டு யாரும் நிற்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் வரும் ‘எ’, ‘தி’, பின்னால் வரும் ‘ஸ்’ இவைதான் அதைச் சொல்ல வேண்டும். அகராதி ‘பெயர்ச்சொல்’ என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளும். வாக்கியத்தில் அது எப்படிப்பட்ட பெயர்ச்சொல்லாக நிற்கிறது என்பது அகராதிக்கு வெளியே இருக்கிற விஷயம்.

4 ஜூன், காலை

‘அப்படியானால் சிக்கன்?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

சிக்கன் இரண்டு பக்கமும் போகும். ‘ஐ லைக் சிக்கன்’ கறி. ‘ஐ லைக் சிக்கன்ஸ்’ கோழி வளர்ப்பவர் சொல்வது. ‘ஐ ஏட் சிக்கன்’ என்றால் கோழிக்கறி சாப்பிட்டேன். ‘ஐ ஏட் எ சிக்கன்’ என்றால் ஒரு முழுக்கோழியையும் நானே முடித்தேன். லேம் (ஆட்டுக்குட்டி), டக், ஃபிஷ், டர்க்கி எல்லாம் இதே வகைதான். மனிதர்கள் வழக்கமாகச் சாப்பிடும் பிராணிகள் என்பதால், தனியாக நிற்கும்போது வரும் அந்தக் ‘கறி’ அர்த்தம் யார் காதையும் உறுத்துவதில்லை. டாக், கேட், டைகர் என்று வரும்போதுதான் உறுத்துகிறது. விதி என்னவோ ஒன்றுதான்.

மொழித் தத்துவக்காரர்கள் இதற்கு ஒரு கற்பனை இயந்திரத்தையே வைத்திருக்கிறார்கள். 1975-இல் பெல்லெட்டியர் என்பவர் எழுதிய கட்டுரையில் வருகிறது, ‘யுனிவர்சல் கிரைண்டர்’. எந்தப் பொருளையும் போட்டு அரைத்துவிடும் கிரைண்டர். யோசனை டேவிட் லூயிஸ் என்ற தத்துவவாதி கொடுத்தது. எண்ணக்கூடிய எந்தப் பெயரையும் இதில் போட்டால் எண்ணமுடியாத பண்டமாக வெளியே வரும். நாயைப் போட்டால் ‘தேர் இஸ் டாக் ஆல் ஓவர் தி ஃப்ளோர்’. தரை முழுக்க நாய். எத்தனை நாய் என்று கேட்க முடியாது, எவ்வளவு நாய் என்றுதான் கேட்க முடியும். தத்துவப் பேராசிரியர்களுக்கு இப்படி ஒரு உதாரணம் தோன்றுகிறது என்பதே கொஞ்சம் கவலைக்குரியது.

நான் பல வருடங்களாகப் பிறர் எழுதும் ஆங்கிலத்தைத் திருத்திக்கொடுக்கிறேன். கதைகளில் அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம்: ‘தேர் வாஸ் கேட் ஆன் தி ரோட்’. எழுதியவர் மனதில் பூனை சாலையில் உட்கார்ந்து நாவால் தன்னைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறது. வாசிப்பவர் கண்ணில் ஏற்கெனவே லாரி போய்விட்டது. ஒரு ‘எ’ விட்டுப்போனதற்கு இவ்வளவு தண்டனை.

4 ஜூன், மாலை

பீஃப், போர்க் பற்றி எழுதியவருக்கு: ஆமாம், கவ், பிக் (பன்றி), ஷீப் (செம்மறி), காஃப் (கன்று) இந்த நான்குக்கும் கறிக்கென்று தனிப்பெயர் இருக்கிறது. பீஃப், போர்க், மட்டன், வீல். நான்கும் பிரெஞ்சு வழியாக வந்தவை. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள், மேய்த்தவன் ஆங்கிலம் பேசினான், சாப்பிட்டவன் பிரெஞ்சு பேசினான், அதனால் உயிரோடு இருந்தால் ஆங்கிலப் பெயர், செத்தால் பிரெஞ்சுப் பெயர் என்று கதை போகும். 1819-இல் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ நாவலில் பன்றி மேய்ப்பவனிடம் ஒரு கோமாளி இதை விளக்குகிறான். அதற்கப்புறம் பாடநூல்கள் எல்லாம் அந்தக் கோமாளியைத்தான் நம்பி எழுதின.

வேர் சரிதான். ஆனால் பிரிவினை அவ்வளவு சுத்தமாக நடக்கவில்லை. பிரெஞ்சிலிருந்து வந்த பெயர்கள் வெகுகாலம் உயிருள்ள பிராணிக்கும் ஓடிக்கொண்டிருந்தன. ‘பீவ்ஸ்’ என்ற பன்மை மாடுகளையே குறித்தது, கறியை இல்லை. வெனிசன் இன்று மான்கறி; தொடக்கத்தில் வேட்டையாடிய எந்த மிருகத்தின் கறிக்கும் அதே பெயர். இன்று இருக்கும் கச்சிதம் பின்னால் மெல்ல மெல்ல வந்தது.

நம் கேள்விக்கு இதில் ஒரு பயன் உண்டு. கவ் என்பதற்கு பீஃப் இருப்பதால், ‘ஐ லைக் கவ்’ என்று யாராவது சொன்னால் கறி என்று புரியும், கூடவே விசித்திரமாகவும் இருக்கும். தனிப்பெயர் ஏற்கெனவே இடத்தைப் பிடித்துவிட்டது. சிக்கனுக்கு அப்படிப் போட்டிக்கு யாரும் இல்லை.

5 ஜூன்

‘தமிழில் ஒருமை பன்மை பார்க்காமல் மாடு என்கிறோம், ஆங்கிலத்தில் அந்தச் சுதந்திரமே இல்லை’ என்று ஒருவர் வருத்தப்படுகிறார். இருக்கிறதே. ஷீப், டியர் (மான்), ஸ்வைன் (பன்றி).

நன்னூல் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். பால்பகா அஃறிணைப் பெயர். மாடு வந்தது, மாடு வந்தன. பெயர் மாறவில்லை, ஒன்றா பலவா என்பதை வினைமுற்று சொல்கிறது. ‘தி ஷீப் இஸ் கிரேஸிங்’, ‘தி ஷீப் ஆர் கிரேஸிங்’ அப்படியே இதே ஏற்பாடு. ஒரே வித்தியாசம், ‘தி ஷீப் கேம்’ என்று இறந்தகாலத்துக்குப் போனால் ஆங்கிலம் கையை விரித்துவிடும். ஒரு ஆடு வந்ததா, மந்தையே வந்ததா தெரியாது. எழுத்துத் தமிழுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பேச்சுத் தமிழ் ‘வந்துச்சு’ என்று சொல்லி அதே பள்ளத்தில் விழுந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

காரணம் பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. அங்கே பெயர்களுக்கு மூன்று பால் இருந்தன. அலிப்பால் பெயர்களில் ஒரு வகைக்குப் பன்மை விகுதியே கிடையாது. ஷீப், டியர், ஸ்வைன் அந்த வகை. ஹார்ஸும் அதே வகைதான், பிற்பாடு ‘ஸ்’ சேர்ந்துகொண்டது. ஃபிஷ் இந்தக் குடும்பமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது ஆண்பால், ஒழுங்காகப் பன்மை விகுதியோடுதான் இருந்தது. பின்னால் விகுதியை உதறியது. இன்று ‘டென் ஃபிஷ்’ என்றால் பத்து மீன். ‘ஃபிஷஸ்’ என்று விலங்கியல்காரர்கள் எழுதினால் பல மீன் இனங்கள்.

டியர் பற்றி இன்னொன்று. பழைய ஆங்கிலத்தில் அது மான் இல்லை, எந்த மிருகமும். ஜெர்மனில் இன்றும் ‘டீயர்’ என்றால் விலங்கு. ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ நாடகத்தில் எலிகளையும் சேர்த்து ‘ஸ்மால் டியர்’ என்று ஒரு வரி வருகிறது. குட்டி மான் என்று மொழிபெயர்த்தால் எலிக்குக் கொம்பு முளைத்துவிடும்.

5 ஜூன், சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது. வேட்டைக்காரர்கள் எல்லா மிருகத்தையும் ஷீப் ஆக்கிவிடுவார்கள். ‘வி சா த்ரீ எலிஃபன்ட்’, ‘எ ஹெர்ட் ஆஃப் ஆன்டிலோப்’. ‘ஸ்’ இல்லை. பழைய வேட்டைப் புத்தகங்களிலும் காட்டுயிர்க் கட்டுரைகளிலும் பார்க்கலாம். இதைப் பிழை என்று திருத்தப்போய் நான் ஒருமுறை எழுதியவரிடம் சண்டை போட்டதுண்டு. அவர் ஜெயித்தார். ஆனால் அவரே தன் வீட்டுப் பூனைகளைப் பற்றி எழுதும்போது ‘கேட்ஸ்’ என்றுதான் எழுதினார். சுடுவதற்கும் வளர்ப்பதற்கும் இலக்கணம் வேறு போலிருக்கிறது.

6 ஜூன்

மங்கூஸின் பன்மை மங்கீஸா என்று கேட்டவருக்கு: இல்லை, மங்கூஸஸ். கூஸ் கீஸ் ஆவது பழைய ஜெர்மானிய உயிர்மாற்றம். மங்கூஸுக்கு வாத்தோடு எந்த உறவும் இல்லை, அது மராத்தியிலிருந்து போன கீரி. மூஸ் என்ற பெரிய மான் வட அமெரிக்கப் பழங்குடி மொழியிலிருந்து வந்தது, பன்மையிலும் மூஸ்தான். ஆக்டோபஸ் கிரேக்கம், ஆக்டோபஸஸ் என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஆக்டோபை என்பது லத்தீன் வேஷம்.

8 ஜூன்

இரண்டு நாளாக ஆளாளுக்கு ‘எ கேட்டில்’ பற்றி அடித்துக்கொள்கிறார்கள். ‘எ கேட்டில்’ கிடையாது. கேட்டில் எப்போதும் பன்மை, ‘கேட்டில்ஸ்’ம் கிடையாது. எண்ண வேண்டுமென்றால் ‘டென் ஹெட் ஆஃப் கேட்டில்’ என்று தலையை எண்ண வேண்டும், அந்தத் தலைக்கும் ‘ஸ்’ வராது.

இதில் தமிழர்களுக்கு வரும் சிக்கல் இலக்கணத்தைவிடப் பெரியது. ‘மாடு குறுக்கே வந்தது’ என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். கவ் என்றால் பசு. புல் என்றால் காளை. ஆக்ஸ் என்றால் எருது. பஃபலோ என்றால் எருமை. குறுக்கே வந்த மாடு என்ன மாடு என்று பார்க்க யாருக்கு அவகாசம் இருந்தது? ‘மாடு’ என்று பொதுவாகச் சொல்ல அன்றாட ஆங்கிலத்தில் ஒருமைப் பெயரே இல்லை. ஆங்கிலேயர்களும் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ‘எ கவ்’ என்றுதான் சொல்கிறார்கள், காளையாக இருந்தாலும். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

இதே மாதிரி ஆடு. வெள்ளாடா செம்மறியா என்று ஆங்கிலம் விடாமல் கேட்கும்: கோட்டா, ஷீப்பா? எலி: மௌஸா, ராட்டா? ஆமை: நிலத்தில் இருப்பதா நீரில் இருப்பதா? புறா: டவ்வா, பிஜனா? இதில் கடைசி ஒன்று விலங்கியல் பிரிவே இல்லை. ஒரே குடும்பம், சமாதானச் சின்னம் என்றால் டவ், தலையில் எச்சமிட்டால் பிஜன்.

பழைய கணக்கு ஒன்றும் பாக்கி இருக்கிறது. கேட்டில் என்பது லத்தீன் ‘காபிடாலே’ வழியாக வந்தது. முதலில் அர்த்தம் சொத்து. சாட்டெல், கேபிடல் இரண்டும் கூடப்பிறந்தவை. சொத்து என்ற பெயர் மாட்டின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. இப்போது குறள் 400-ஐ எடுங்கள்: ‘மாடல்ல மற்றை யவை’. அங்கே மாடு என்றால் செல்வம். இரண்டு மொழிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஆனால் இரண்டு ஊர்க் கணக்குப்பிள்ளையும் ஒரே ஏட்டில்தான் எழுதியிருக்கிறார்கள்.

8 ஜூன், இரவு

கவ் பற்றிப் பேசும்போதே சொல்லியிருக்க வேண்டும். யானை, திமிங்கிலம், கடல்நாய் இவற்றின் பெண்ணும் ஆங்கிலத்தில் கவ்தான். ஆண் புல். யானை, திமிங்கிலக் குட்டி காஃப்; கடல்நாய்க் குட்டி மட்டும் பப். களிறு, பிடி என்று நாம் தனியாக வைத்திருப்பதை ஆங்கிலம் மாட்டுத் தொழுவத்திலிருந்து கடன் வாங்கிச் சமாளிக்கிறது. என்னிடம் வந்த ஒரு மொழிபெயர்ப்பில் பசு தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறியது. மூலத்தைப் பார்த்தேன்: ‘தி கவ் ரெய்ஸ்ட் ஹெர் ட்ரங்க்’. மொழிபெயர்ப்பாளர் மீது குற்றம் சொல்ல மனம் வரவில்லை; அகராதியில் முதல் அர்த்தத்தைத்தான் போட்டிருந்தார். தும்பிக்கை வந்த இடத்திலாவது கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம்.

9 ஜூன்

‘தி டைகர்’ என்று ஒரு இனத்தையே ஒருமையில் எழுதுவது பற்றி நிறையக் கேள்விகள். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நான் திருத்தும் கட்டுரைகளில் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

ஒரு இனத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்ல ஆங்கிலத்தில் மூன்று வழிகள். ‘டைகர்ஸ் ஹண்ட் அலோன்’. ‘தி டைகர் ஹண்ட்ஸ் அலோன்’. ‘எ டைகர் ஹண்ட்ஸ் அலோன்’. மூன்றுக்கும் தமிழ் ஒன்றுதான்: புலி தனியாக வேட்டையாடும். அதனால் மூன்றும் எங்கேயும் மாற்றிப்போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துவிடுகிறோம்.

மாற்றிப்போட்டால் எங்கே உடையும் என்று பார்க்க டோடோ பறவைதான் நல்ல பரிசோதனை. மொரீசியஸ் தீவில் இருந்த பறக்காத பறவை, கடைசியாகப் பார்த்ததாகப் பொதுவாக ஒத்துக்கொள்ளப்படும் ஆண்டு 1662. ‘தி டோடோ இஸ் எக்ஸ்டிங்க்ட்’ சரி. ‘டோடோஸ் ஆர் எக்ஸ்டிங்க்ட்’ சரி. ‘எ டோடோ இஸ் எக்ஸ்டிங்க்ட்’ ஓடாது. ஏன்? அழிந்துபோவது இனத்துக்கு நடப்பது, ஒரு பறவைக்கு நடப்பதில்லை. ஒரு பறவை சாகும், அவ்வளவுதான். ‘எ’ போட்டால் அந்த இனத்தில் ஏதாவது ஒன்றை எடுத்துக் காட்டுகிறோம். அந்த ஒன்றின் மேல் ஏற்றிச் சொல்லக்கூடிய குணமாக இருந்தால்தான் வாக்கியம் நிற்கும். புலிக்குக் கோடு உண்டு, எந்தப் புலியை எடுத்தாலும் உண்டு, அதனால் ‘எ டைகர் ஹாஸ் ஸ்ட்ரைப்ஸ்’ நிற்கும். பெருகுவது, குறைவது, பரவுவது, அழிவது இதெல்லாம் தனி ஒன்றின் குணம் இல்லை. ‘எ ராபிட் இஸ் காமன் இன் கிராஸ்லேண்ட்ஸ்’ என்று எழுதினால் ஒரே முயல் எல்லாப் புல்வெளியிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, ‘தி டைகர்’, ‘டைகர்ஸ்’ இரண்டுக்குள் எது? ‘தி’ கொஞ்சம் விறைப்பானது. கலைக்களஞ்சியமும் அருங்காட்சியகப் பலகையும் பேசும் தொனி அது. ‘எனக்குப் புலி பயம்’ என்று சொல்ல வந்து ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப் தி டைகர்’ என்றால் கேட்பவர் சுற்றுமுற்றும் பார்ப்பார். பேசும்போது பன்மையே போதும். இனத்தைச் சொல்வதில் அது எங்கேயும் காலை வாராது. இந்தக் கேள்வியோடு வந்தவருக்கு நான் ஒரே ஒரு யோசனை சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

10 ஜூன்

‘பை கேமல்’ என்று படித்தேன், அங்கே ஒட்டகம் தனியாகத்தானே நிற்கிறது, கறியா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். ஆஹா.

இல்லை. ‘பை’ வந்தால் பயண வழி. பை பஸ், பை ட்ரெயின், பை கேமல். அங்கே எந்த ஒட்டகம் என்பது முக்கியமில்லை, ஒட்டகம் வாகனமாகிவிட்டது. ‘லைக் கேட் அண்ட் டாக்’ என்று இரண்டைச் சேர்த்துச் சொல்லும்போதும் ‘எ’ உதிரும். செய்தித் தலைப்புகளிலும் உதிரும்: ‘மேன் பைட்ஸ் டாக்’. அங்கே இடம் மிச்சம். ஆக, தனியாக நின்றால் சதை என்று முதல் நாள் சொன்னதோடு இந்த மூன்று விலக்குகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒன்று இருக்கிறது, அது தனியாக வேண்டும், பிறகு வருகிறேன்.

11 ஜூன்

யாரோ பஃபலோ வாக்கியத்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். இது எப்படியும் வரும் என்று தெரியும்.

பஃபலோ என்று எட்டு முறை தொடர்ந்து எழுதினால் அது இலக்கணப்படி சரியான ஆங்கில வாக்கியம். மொழிப் புதிர் வட்டாரங்களில் பழைய சரக்கு. 1972-இல் வில்லியம் ராப்பபோர்ட் உருவாக்கிய வடிவம்தான் பரவலாகப் பேசப்படுகிறது. ரகசியம், பஃபலோவுக்கு மூன்று வேலை. ஒன்று, நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் ஊரின் பெயர். இரண்டு, காட்டெருமை, இதற்கு ஷீப் மாதிரி மாறாத பன்மையும் உண்டு. மூன்று, மிரட்டுவது என்ற அர்த்தத்தில் வினை.

பிரித்தால்: ஒன்றாவது, மூன்றாவது, ஏழாவது ஊர்ப்பெயர். இரண்டாவது, நான்காவது, எட்டாவது எருமை. ஐந்தாவதும் ஆறாவதும் வினை. தமிழில் வைத்தால், ‘பஃபலோ ஊர் எருமைகள் மிரட்டும் பஃபலோ ஊர் எருமைகள், பஃபலோ ஊர் எருமைகளை மிரட்டுகின்றன’. தமிழில் சொன்னவுடனே புதிர் செத்துவிட்டது பாருங்கள். ‘ஐ’ உருபும் ‘உம்’ விகுதியும் வந்து யார் யாரை மிரட்டுகிறார்கள் என்று காட்டிக்கொடுத்துவிட்டன. ஆங்கிலத்தில் வரிசையைத் தவிர வேறு துப்பு இல்லை. எழுத்தில் பார்த்தால் ஊர்ப்பெயருக்குப் பெரிய எழுத்து உண்டு, அதுவும் வாய்விட்டுச் சொன்னால் போய்விடும்.

இது வெறும் விளையாட்டு என்பவர்களுக்கு: நாம் இத்தனை நாள் பேசியது முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அந்த எருமை ‘எ’யும் இல்லாமல் ‘ஸ்’ஸும் இல்லாமல் நிற்பதால்தான் இந்தக் குழப்பமே சாத்தியம். ‘டாக்’ வைத்து இதைச் செய்ய முடியாது. டாக் என்றால் விடாமல் பின்தொடர்வது என்று வினையும் இருக்கிறது. ஆனால் பன்மையில் ‘டாக்ஸ்’ என்று வால் வெளியே தெரிந்துவிடும்.

12 ஜூன்

டாக் வினையும் ஆகும் என்றதும் எல்லோரும் வினைப் பக்கம் போய்விட்டீர்கள். சீக்கிரமாக: ஏப், பாராட், பேட்ஜர், ஃபெரட், ஹவுண்ட் எல்லாம் விலங்கிலிருந்து வினையானவை. டக் மட்டும் தலைகீழ். முழுகுவது என்ற பழைய வினை முதலில் இருந்தது, அதைச் செய்யும் பறவைக்கு அந்தப் பெயர் வந்தது. பேர் என்ற கரடிக்கும் தாங்குவது என்ற பேருக்கும் சம்பந்தமில்லை. கிரேன் இயந்திரம் கொக்கினப் பறவையிலிருந்து வந்தது, கைட் என்ற பட்டம் அதே பெயருள்ள பருந்திலிருந்து வந்தது. போதும், பெயர்ச்சொல்லுக்குத் திரும்புவோம்.

13 ஜூன்

மனிதரை விலங்குப் பெயரால் சொல்வது பற்றி. ‘நீ பன்றி’ என்ற அர்த்தத்தில் ‘யூ ஆர் பிக்’ என்று ஒரு சிறுகதை உரையாடலில் வந்தது. திட்டுவதற்கும் ‘எ’ வேண்டும் ஐயா. ‘யூ ஆர் எ பிக்’. இல்லாவிட்டால் வசவு பிசுபிசுத்துப் போகும். ‘நீ கழுதை’, ‘நீ ஒரு கழுதை’ இரண்டும் தமிழில் ஓடும். ‘ஒரு’ சேர்த்தால் கொஞ்சம் அழுத்தம், அவ்வளவுதான்.

சிக்கன் இங்கேயும் வித்தியாசமாக நடந்துகொள்கிறது. ‘ஹி இஸ் எ சிக்கன்’ என்றால் அவன் ஒரு பயந்தாங்கொள்ளி. ‘ஹி இஸ் சிக்கன்’ என்றாலும் அதே அர்த்தம்தான், ஆனால் இங்கே அது பெயரடை, பயந்தவன் என்று குணம் சொல்கிறது.

கோட் இன்னும் வேடிக்கை. அமெரிக்க விளையாட்டுப் பேச்சில் ஒரு காலத்தில் ஆட்டத்தைக் கெடுத்தவன்தான் ‘தி கோட்’. பலியாடு, ஸ்கேப்கோட் வழியாக வந்தது. இன்று ‘எல்லாக் காலத்திலும் தலைசிறந்தவர்’ என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதே ‘தி கோட்’ உச்சகட்டப் பாராட்டு. பழைய ஆட்டக்காரர் ஒருவரை நீங்கள் பாராட்டினால் அவர் எந்த ஆட்டை நினைப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

14 ஜூன்

‘ஆன் ஈவ்’ என்று பெண் செம்மறியை எழுதியவருக்கு: அந்தப் பெயரின் எழுத்து உயிரில் தொடங்குகிறது, உச்சரிப்பு ‘யூ’. அதனால் ‘எ யூ’. யூனிகார்னும் அப்படியே. காதுதான் கணக்கு.

இந்த ‘எ’, ‘ஆன்’ இரண்டும் விலங்குப் பெயரையே வெட்டி ஒட்டியிருக்கின்றன. விரியன் வகைப் பாம்பான ஆடர், முன்பு நாடர். ‘எ நாடர்’ என்று சொல்லிச் சொல்லி ‘ன்’ இந்தப் பக்கம் நகர்ந்து ‘ஆன் ஆடர்’ ஆனது. நியூட் என்ற நீர்ப்பல்லிக்கு நேர்மாறாக நடந்தது. ‘ஆன் யூட்’ என்பதிலிருந்து ‘ன்’ அந்தப் பக்கம் போய் ‘எ நியூட்’. பாம்பு இழந்ததை நீர்ப்பல்லி எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

15 ஜூன்

ஒரு பெயர் இன்னொரு பெயருக்கு முன்னால் வரும்போது ‘ஸ்’ போகும். பத்து சிங்கத்தைப் பழக்கினாலும் அவர் லயன் டேமர்தான். ஆயிரம் எலி இருந்தாலும் கட்டடம் ‘ராட் இன்ஃபெஸ்டட்’. இதில் ஒரு ஓட்டை: மௌஸ் என்று வந்தால் ‘மைஸ் இன்ஃபெஸ்டட்’ என்றும் சொல்கிறார்கள், காது ஒத்துக்கொள்கிறது. ‘ராட்ஸ் இன்ஃபெஸ்டட்’ என்றால் ஒத்துக்கொள்ளாது. ஒழுங்காக ‘ஸ்’ சேர்க்கும் பன்மைக்கு உள்ளே இடமில்லை, உருவமே மாறிய பன்மைக்கு இடமிருக்கிறது.

வரிசையும் கவனம். செஸ்ட்நட் ஹார்ஸ் என்றால் செம்பழுப்புக் குதிரை. ஹார்ஸ் செஸ்ட்நட் என்றால் மரம். தலைவன் கடைசியில் இருப்பான், தமிழ் மாதிரியே.

17 ஜூன்

கடன் வைத்த விலக்கு. ‘டைகர் பிட் மி’ சரியான வாக்கியமா?

சரி, அந்த டைகர் ஒரு நாயாக இருந்தால். வீட்டு நாய்க்கு டைகர் என்று பெயர் வைத்தால் அது இயற்பெயர். பெரிய எழுத்து வந்துவிடும், ‘எ’ வேண்டாம், ‘தி’ வேண்டாம். தனியாக ஒருமையில் நின்றும் சதையாகாமல் உயிரோடு இருக்க ஒரு விலங்குப் பெயருக்குக் கிடைக்கும் நல்ல பாதுகாப்பு இதுதான். குழந்தைக் கதைகளில் ‘ஃபாக்ஸ் செட் டு க்ரோ’ என்று வருவதும் இதனால்தான். அந்தக் கதைக்குள் நரி என்பது அவன் பெயர். பாதிக் கதையில் ‘தி ஃபாக்ஸ்’ என்று மாற்றினால் நரி பாத்திரம் என்ற நிலையிலிருந்து மிருகமாக இறங்கிவிடும். ஒன்றைப் பிடித்தால் கடைசிவரை அதையே பிடியுங்கள்.

பெயர் வைத்தபின் ‘இட்’ என்பதா, ‘ஹி’, ‘ஷி’ என்பதா? பழகிய பிராணி என்றால் ஹி, ஷி. தெரியாத நாய் என்றால் இட். தமிழ் இலக்கணமும் இதைப் பார்த்திருக்கிறது. பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்று சொல்வது திணைவழு. ஆனாலும் உவப்பினால் சொன்னது என்பதால் வழுவமைதி என்று நன்னூல் வழியில் உதாரணம் காட்டுவார்கள். ஆங்கில இலக்கணம் இதற்குத் தனிப்பெயர் எதுவும் வைக்காமல் பழக்கத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டது.

17 ஜூன், இரவு

பெரிய எழுத்து என்றதும் வந்த கேள்விக்கு: ‘பெங்கால் டைகர்’ என்பதில் பெங்காலுக்கு மட்டும் பெரிய எழுத்து, டைகருக்குச் சின்னது. ‘ஜெர்மன் ஷெப்பர்ட்’ அதேபோல. பறவையியல் நூல்கள் முழுப்பெயரையும் பெரிய எழுத்தில் போடும், அது அவர்கள் துறை வழக்கம். பொதுக் கட்டுரையில் அப்படி எழுதினால் திருத்துபவர் மாற்றிவிடுவார். நானும் மாற்றியிருக்கிறேன்.